பஸ் படியில் நின்ற கால்

நடையில் வடிவை யாரும் முந்தியது கிடையாது. மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் அவள் குடியிருக்கும் சிற்றூரில் மொத்தம் இருபத்தேழு வீடுகள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கிளம்பினாலும் பஸ் நிறுத்தத்துக்கு முதலில் போய்ச் சேருவது வடிவாகத்தான் இருக்கும். தலையில் சாமை மூட்டை, இடுப்பில் அளக்கிற இரும்புப் படி, வாயில் பின்னால் வருகிறவர்களுக்கான ஏச்சு. "இன்னா, பொண்ணு பாக்கவா போறீங்க? காலை எட்டி வைங்க!" அப்படிப்பட்டவளை ஒரு பஸ் படிக்கட்டு மடக்கிப் போட்டது என்றால் யார் நம்புவார்கள்? ஊர் நம்பவில்லை. வயசாகிவிட்டது, பயம் வந்துவிட்டது என்று சொல்லி முடித்துக்கொண்டது. ஊருக்குத் தெரியாதது ஒன்றுமே இல்லை, பக்கத்து வீட்டுக்காரியின் வியாதியைத் தவிர.

வடிவுக்கு வயது ஐம்பத்தொன்பது. புருஷன் காசி காலமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. இரண்டு ஏக்கரில் சாமை. அதை அரிசியாக்கி வாரத்துக்கு இரண்டு நாள் திருப்பத்தூருக்குக் கொண்டுபோவாள். அங்கே ஒரு டிபன் கடை, பத்துப் பன்னிரண்டு வீடுகள், எல்லாம் வருஷக்கணக்கான வாடிக்கை. அவளுக்குத் தராசு ஆகாது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "லாபம், ரெண்டு, மூணு" என்று படியால் அளந்து போடுவாள். முதல் படியை ஒன்று என்று சொல்லக் கூடாது, லாபம் என்றுதான் தொடங்க வேண்டும். அது அந்தப் பக்கத்தில் தானியம் அளக்கிற எல்லோருக்கும் உள்ள வழக்கம்.

வியாதி சத்தமில்லாமல் வந்தது. முதலில் நடக்கும்போது இடது கை வீசுவதை நிறுத்தியது. பிறகு நடை சிறுத்தது. அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளை எழுந்து நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பார்க்கின்சன், தமிழில் நடுக்குவாதம் என்றார். "எனக்கு எங்க சார் நடுங்குது?" என்று இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள் வடிவு. சிலருக்கு நடுக்கமே தெரியாது, நடைதான் கெடும் என்று அவர் விளக்கினார். மாத்திரை எழுதித் தந்தார். மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் நடை ஓரளவு பழையபடி வந்தது. ஆனால் ஒன்று மட்டும் எந்த மாத்திரைக்கும் மசியவில்லை. பஸ் வந்து நிற்கும், அவள் படிக்கட்டருகே போவாள், அங்கே இரண்டு பாதமும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மனசு ஏறு ஏறு என்று அடித்துக்கொள்ளும். பாதம் அதே இடத்தில் படபடவென்று துடிக்குமே தவிர ஒரு அங்குலம் எழும்பாது.

இதில் அவளுக்கே விளங்காத கூத்து ஒன்று இருந்தது. சந்தை நாளில் மட்டும் ஊருக்கு ஷேர் ஜீப் வரும். அதில் ஏறக் கால் நின்றதே இல்லை. ஜீப்பின் படி பஸ் படியைவிட உயரம், பிடித்துக்கொள்ளக் கம்பியும் கிடையாது. இருந்தாலும் ஏறிவிடுவாள். யோசித்து யோசித்து அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். ஜீப் ஆள் சேருகிற வரைக்கும் நிற்கும். டிரைவர் டீ குடித்து, வெற்றிலை போட்டு, ஊர்க்கதை பேசி முடித்த பிறகுதான் கிளம்பும். பஸ் அப்படி இல்லை. பின்னால் ஆள் முட்டும், முன்னால் விசில் ஊதும். அவசரம் என்று தெரிந்ததும் கால் செத்துப்போகிறது.

கண்டக்டர் அருணகிரி நல்ல மனுஷன். அதுதான் தொல்லை. வடிவு படியில் நின்றுவிட்டால் இறங்கி வந்து அக்குளில் கை கொடுத்து மூட்டையைத் தூக்குவது போல ஏற்றிவிடுவான். இழுக்க இழுக்க அவள் கால் இன்னும் இறுகும். ஆடி மாசம் ஒருநாள் அப்படி இழுத்ததில் பிடி நழுவி முழங்கால் கல்லில் அடிபட விழுந்தாள். சாமை ரோடெல்லாம் சிதறியது. அடிபட்டதுகூட அவளுக்குப் பெரிதில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் "ஐயோ பாவம்" என்றார்கள் பாருங்கள், அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

சேதி வாணியம்பாடிக்குப் போனது. அங்கே ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் ரஞ்சித்குமார் மறுநாளே பைக்கில் வந்து இறங்கினான். அம்மாவின் முழங்கால் கட்டைப் பார்த்தவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கியதை மறைக்கக் கத்தினான்.

"போதும்மா. வூட்டப் பூட்டு. எங்கூட வந்துரு."

"சாமைக்குக் களை எடுக்கற நேரம். எங்கடா வர்றது?"

"மாத்திரை வாங்கணும்னா பஸ் ஏறணும். ஆஸ்பத்திரின்னா பஸ் ஏறணும். ஜீப்பு டெய்லியுமா வருது? நீ ஒத்தையா இங்க எப்பிடி இருப்ப?"

அவன் சொன்னதில் தப்பு இல்லை. வாணியம்பாடியில் அவன் இருக்கும் லைன் வீட்டையும் அவள் பார்த்திருக்கிறாள். மருமகள் நல்லவள்தான். ஆனால் அங்கே போனால் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, எழுந்தால் "எதுக்கும்மா எந்திரிக்கற?" என்பார்கள். நடக்காத கால் நடக்காமலே போகும். இது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வடிவு ஒற்றைக் காலில் நின்றாள். கடைசியில் ஒரு பந்தயத்தில் வந்து முடிந்தது.

"ஒத்தையா பஸ் ஏறி திருப்பத்தூரு போய்ட்டு, ஒத்தையா பஸ் ஏறி திரும்பி வந்துட்டா?"

"வந்துட்டா நான் வாயே தொறக்கல. தை பொறக்கறதுக்குள்ள வரலன்னா நீ வந்துரணும். அப்பறம் பேச்சு மாறக் கூடாது."

"நானாடா பேச்சு மாறுறவ?" என்றாள் வடிவு.

அந்த மாசம் மாத்திரைக்குப் போனபோது டாக்டர் ஒரு சீட்டு கொடுத்தார். இப்படிக் கால் நின்றுபோகிறவர்களை வைத்து ஒரு ஆராய்ச்சி நடக்கிறது, திருப்பத்தூரில் ஒரு கூடம் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள், ஆறு வாரம் பயிற்சியும் உண்டு, போய்ப் பாருங்கள் என்றார். சீட்டில் 'மெய்நிகர் உலகில் நடை' என்று போட்டிருந்தது. படித்துப் பார்த்த மகனுக்கும் புரியவில்லை.

மகன் பைக்கில் கூட்டிப்போனான். கூடத்தில் இருந்தவர்கள் இரண்டு பேர். சிவசங்கரி, பிசியோதெரபி படித்தவள், ஆராய்ச்சி அவளுடையது. தானிஷ், வாணியம்பாடிப் பையன், கம்ப்யூட்டரில் அந்த மெய்நிகர் உலகத்தைச் செய்தவன். கண்ணை முழுக்க மூடுகிற பெட்டி ஒன்றைத் தலையில் மாட்டினால் உள்ளே தெரு தெரியும், வீடு தெரியும், கதவு தெரியும். நடந்தால் தெருவும் கூடவே நகரும். விழாமல் இருக்கக் கூரையிலிருந்து ஒரு பெல்ட் தோளைப் பிடித்திருக்கும். காலில் கட்டிய சின்னச் சின்னக் கருவிகள் பாதம் எப்போது நின்றது, எவ்வளவு நேரம் துடித்தது என்று எழுதிக்கொள்ளும்.

"இது ஏம்மா இவ்ளோ?" என்று வடிவு கேட்டாள்.

"ஆஸ்பத்திரில நடக்கச் சொன்னா எல்லாரும் நல்லா நடந்துடுறாங்கம்மா. வீட்டுக்குப் போனா நின்னுடுறாங்க. எதைப் பார்த்தா நிக்குதுன்னு எங்களுக்குத் தெரியணும். அதுக்குத்தான் கதவு, சந்து எல்லாம் உள்ளயே வச்சிருக்கோம்" என்றாள் சிவசங்கரி. பயிற்சிக்குப் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம் என்பதையும், கருவியில் கால் நின்றது பதிவானவர்களை மட்டுமே எடுக்க முடியும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

மருந்து இல்லாத நடையைப் பார்க்க, காலை மாத்திரை போடாமல் வரச் சொல்லியிருந்தார்கள். பெட்டியை மாட்டியதும் வடிவு அசந்துபோனாள். பளிச்சென்று வெயில், சிமெண்ட் ரோடு. குனிந்தால் அவளுக்கே இரண்டு கால், அதில் நீல ரப்பர் செருப்பு. தானிஷ் அதையெல்லாம் நுணுக்கமாகப் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தான். அவள் நடந்தாள். ஒரு சந்து, தாண்டினாள். ஒரு ஆபீஸ் கதவு, தாண்டினாள். கடைசியாக ஒரு வீடு வந்தது. வாசலில் கோலம்கூட இருந்தது. அங்கே நின்றாள். ஏழு விநாடி. பிறகு உள்ளே போனாள்.

பெட்டியைக் கழற்றியபோது சிவசங்கரியின் முகம் மலர்ந்திருந்தது. கம்ப்யூட்டரில் கோடு ஒன்றைக் காட்டினாள். "பாருங்கம்மா, வீட்டு வாசல்ல உங்க பாதம் நின்ன இடத்துலயே துடிச்சிருக்கு. ஏழு விநாடி. நீங்க செலக்ட் ஆயிட்டீங்க."

ரஞ்சித்குமார் சந்தோஷத்தில் அம்மாவின் தோளைப் பிடித்தான். வடிவு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது நிக்கலம்மா" என்றாள்.

"என்னது?" என்றாள் சிவசங்கரி.

"காலு நிக்கல. செருப்பக் கழட்டுனேன்."

வடிவு வெறுங்காலில் இருந்தாள். ஆனால் பெட்டிக்குள் அவள் காலில் செருப்பு இருந்ததே! கோலம் போட்ட வாசலை மிதித்துச் செருப்புக் காலோடு யார் வீட்டுக்குள் போவார்கள்? இல்லாத செருப்பை ஒரு காலால் இன்னொரு காலை அழுத்திக் கழற்றிப் பார்த்திருக்கிறாள். கழலவில்லை. ஆட்டி, உதறி, தேய்த்துப் பார்த்துவிட்டு, சரி போகட்டும் என்று கூச்சத்தோடு உள்ளே போயிருக்கிறாள். கருவி அந்தத் தேய்ப்பையெல்லாம் வியாதியின் துடிப்பு என்று எழுதிக்கொண்டது.

"சும்மா இரும்மா" என்று மகன் காதில் கிசுகிசுத்தான். "அவங்களே எடுத்துக்கறேன்றாங்க."

"கொறையா அளந்துட்டு நெறைய அளந்தேன்னு சொல்றதாடா? எம் படில அது கெடையாது." வடிவு சிவசங்கரி பக்கம் திரும்பினாள். "டாக்டரம்மா, எனக்கு வாசல்லலாம் நிக்காது. பஸ்ஸுல ஏறப்போனாத்தான் நிக்கும். பின்னாடி நாலு பேரு முட்டிக்கினு வரணும், கண்டக்டரு கத்தணும், விசிலு ஊதணும். அத உள்ள வைங்க. அப்ப நிக்கலன்னா என்னைய வேணாம்னு சொல்லுங்க, நான் போய்ட்டே இருக்கேன்."

சிவசங்கரி உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். தானிஷ் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தான். அதுவரை தேர்வான ஒன்பது பேரில் நாலு பேர் அதே வாசலில் அதே மாதிரி காலைத் தேய்த்திருந்தார்கள். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"எங்கம்மியும் இப்படித்தான் நின்னிருப்பாங்க" என்றான் தன் அம்மாவை நினைத்து. "ஒரு வாரம் டைம் குடுங்கம்மா. பஸ்ஸு கொண்டாறேன்."

கொண்டுவந்தான். பையன் மலைப் பஸ்ஸில் மூன்று தடவை ஏறி இறங்கி, படியை அளந்து, விசிலைப் பதிவு செய்து, ஜனம் கத்துவதையும் பதிவு செய்திருந்தான். அடுத்த சந்தை நாளில் வடிவு ஜீப்பில் வந்து பெட்டியை மாட்டினாள். பஸ் வந்து நின்றது. பின்னாலிருந்து "ஏறும்மா, ஏறும்மா" என்று குரல்கள். அவ்வளவுதான், பாதம் ஒட்டிக்கொண்டது. பத்து விநாடி, பதினைந்து விநாடி. உடம்பு முன்னால் சாய்ந்து, தோள் பெல்ட்டில் அப்படியே தொங்கினாள். பத்தொன்பதாவது விநாடியில் தானிஷ் தன்னை மறந்து கை தட்டிவிட்டான்.

பெட்டியைக் கழற்றிய வடிவு வியர்த்து வழிந்தாள். "நான் மாட்டிக்கினா ஒனக்கு இவ்ளோ சந்தோசமா பாபு?" என்றாள். பையன் வெட்கத்தில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒளிந்தான். அன்றைக்கு வடிவு பத்தாவது ஆளாகப் பேர் எழுதப்பட்டாள். வீட்டு வாசலில் நின்ற அந்த நாலு பேரை மறுபடியும் கூப்பிட்டுச் சோதிக்கவும் முடிவானது.

பயிற்சி லேசாக இல்லை. பெட்டிக்குள் கடிகாரம் போல டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும், அதற்குத் தகுந்தபடி காலை எடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு அது கை கொடுத்தது. வடிவுக்கு அது இன்னொரு விசிலாகப்பட்டது, கால் இன்னும் சிக்கியது. மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி மூன்றில் ஏறுங்கள் என்றாள் சிவசங்கரி. எண்ணினாள். மூன்று வந்தது, நான்கும் வந்தது, கால் வரவில்லை. மூன்று வாரம் ஓடிப்போனது. பெட்டியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்து அவள் அழுததும் உண்டு. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தபா போடு" என்று திரும்பி வந்ததும் உண்டு.

நான்காவது வாரம் சிவசங்கரி வீட்டுக்கு நாலு படி சாமை கேட்டிருந்தாள். பயிற்சி தொடங்குமுன் வடிவு மூட்டையை அவிழ்த்துத் தரையில் உட்கார்ந்து அளந்தாள். "லாபம்" என்று படியை வலப்பக்கம் குத்தி எடுத்து, உள்ளங்கையால் வழித்து, உடம்பே இடப்பக்கம் சாயப் பைக்குள் கொட்டினாள். "ரெண்டு." மறுபடி வலம், மறுபடி இடம். விறைத்துக் கிடக்கும் அந்த உடம்பு அப்போது மட்டும் எண்ணெய் போட்ட மாதிரி ஆடியது. சிவசங்கரி பையை மறந்து அவளையே பார்த்தாள்.

"அம்மா, அப்படியே எந்திரிச்சு நில்லுங்க. படி இல்லாம, நின்னுக்கிட்டே அதே மாதிரி அளங்க."

"நின்னுக்கினு யாராவது அளப்பாங்களா?"

"எனக்காக."

வடிவு நின்றாள். வெறும் காற்றை வலப்பக்கம் குத்தி அள்ளினாள். "லாபம்." கொட்ட இடப்பக்கம் சாய்ந்தாள். பாரம் முழுக்க இடது காலுக்குப் போனது. சும்மா கிடந்த வலது கால் தானாக எழும்பியது. காலை எடுக்க வேண்டுமானால் முதலில் உடம்பு ஒருபக்கம் சாய வேண்டும், அதைத்தான் அவள் உடம்பு மறந்துவிட்டது, அளக்கும்போது மட்டும் மறக்கவில்லை என்று சிவசங்கரி படபடவென்று சொன்னாள். வடிவுக்குப் பாதிதான் புரிந்தது. புரியாவிட்டால் என்ன, கால் எழும்பியதே! அன்று பெட்டிக்குள் பஸ்ஸில் பத்துக்கு நாலு முறை ஏறினாள். ஆறாவது வாரம் பத்துக்கு ஏழு.

"வியாதி போகலம்மா. மீதி மூணு தடவை நிக்கத்தான் செய்யும்" என்றாள் சிவசங்கரி.

"ஏழு படி வெளயற காட்டுல பத்து படி யாரு கேட்டா?" என்றாள் வடிவு.

கார்த்திகையில் சாமை அறுத்து முடித்த வாரம் பந்தய நாள் வந்தது. காலையில் ஊர் நிறுத்தத்தில் கூட்டமில்லை. கைவீசி ஒருமுறை அளந்தாள், ஏறிவிட்டாள். அருணகிரி நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு வாய் பிளந்தான். திருப்பத்தூரில் டிபன் கடைக்கும் வீடுகளுக்கும் போட்டுவிட்டுப் பன்னிரண்டே கால் பஸ்ஸுக்கு நிலையம் வந்தாள். மகன் லீவு போட்டு வந்து எதிரே வாழைப்பழக் கடையோரம் நின்றான். கிட்டே வரக் கூடாது என்பது பேச்சு.

பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டும் பையும் பறந்தன. வழக்கம் போல வடிவு எல்லோருக்கும் முன்னால் படியருகே போனாள். பாதம் ஒட்டியது. "லாபம்" என்று சாய்ந்தாள். பின்னாலிருந்து ஒரு பை முதுகில் இடித்தது. "இன்னாம்மா எண்ணிக்கினு நிக்கற, ஏறு இல்ல நகரு!" எண்ணிக்கை அறுந்தது. மறுபடி தொடங்கினாள், மறுபடி இடி. யாரோ அவளை ஓரமாக ஒதுக்கினார்கள். பஸ் நிரம்பியது, விசில் ஊதியது, போய்விட்டது. வடிவு காலி இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

ரஞ்சித்குமார் ஓடிவந்தான். அவனுக்கு ஜெயித்த சந்தோஷம் துளியும் இல்லை. "போதும்மா. வண்டில ஏறு, நான் வுட்டுட்டு வர்றேன்."

"போனது ஒரு பஸ்ஸுதான. மூணேமுக்காலுக்கு இன்னொண்ணு கீது."

"மூணரை மணி நேரம்மா!"

"நீ போய் அங்க நில்லு" என்று வாழைப்பழக் கடையைக் காட்டினாள்.

சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து வடிவு தன்னைத்தானே விசாரித்தாள். காலை மாத்திரையின் பலம் தீரும் நேரத்தில் ஏறப் போனது முதல் தப்பு. இரண்டரைக்கு அடுத்த மாத்திரை போட்டால் மூன்றே முக்காலுக்குச் சரியாக இருக்கும். அது சுலபம். இரண்டாவது தப்புதான் தொண்டையில் சிக்கியது. முன்னால் ஓடியது யார்? ஐம்பத்தொன்பது வருஷமாக யாரையும் முந்த விடாத அந்த வடிவுதான். பெட்டிக்குள் வந்த ஜனம் கத்தும், ஆனால் இடிக்காது. இது இடிக்கும். முன்னால் போய் நின்றால் பின்னால் ஆள் இருக்கத்தான் செய்யும். ஆளே இருக்கக் கூடாது என்றால் கடைசியாகப் போக வேண்டும். கடைசியாக! அதை நினைக்கவே அவளுக்குக் கசந்தது. அந்தக் கசப்பை மாத்திரையோடு சேர்த்து விழுங்கினாள்.

மூன்றே முக்கால் பஸ் அருணகிரியுடையது. கூட்டம் பாய்ந்தது. வடிவு பெஞ்சை விட்டு எழுந்தாள், ஆனால் நகரவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறட்டும். கீரைக்காரி ஏறட்டும். கைக்குழந்தைக்காரி ஏறட்டும். தன்னைவிட மெதுவாக நடக்கும் ஒரு கிழவரும் அவளைத் தாண்டிப் போனார். அவளுக்கு முகம் சுட்டது. இருந்தாலும் நின்றாள். எல்லோரும் ஏறிய பிறகு படிக்கு வந்தாள்.

"வா வடிவக்கா" என்று அருணகிரி கை நீட்டினான்.

"தொடாத. விசில வாயிலேந்து எடு. ஒரு நிமிசம் குடு எனக்கு."

அவன் விசிலை எடுத்தான். வடிவு வலப்பக்கம் அள்ளினாள், இடப்பக்கம் சாய்ந்தாள். "லாபம்." கால் எழவில்லை. ஜன்னல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. எதிர்க் கடையோரத்தில் மகன் ஒரு அடி முன்னால் வந்துவிட்டு நின்றான். பார்க்கட்டும். அவள் கண்ணை மூடவில்லை, அவசரப்படவும் இல்லை. மறுபடி ஆழமாக அள்ளி, படி வழிய வழிய அளப்பது போலச் சாய்ந்தாள். "லாபம்." வலது பாதம் பிய்த்துக்கொண்டு எழுந்தது. முதல் படி. "ரெண்டு." இடது பாதம்.

"மூணு" என்றான் அருணகிரி, தன்னை அறியாமல். அவனும் சாமை விளைகிற வீட்டுப் பிள்ளைதான்.

வடிவு உள்ளே போய்க் கம்பியைப் பிடித்தாள். பஸ் மலை ஏறியது. ரஞ்சித்குமார் வளைவுக்கு வளைவு ஒதுங்கி, பஸ்ஸின் பின்னாலேயே பைக்கில் வந்தான்.

ஊர் நிறுத்தத்தில் பஸ் நின்றபோது அவன் முந்திக்கொண்டு வந்து படியருகே நின்றிருந்தான். கை தானாக நீண்டது. அம்மாவின் பார்வையைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். வடிவு மேல்படியில் கொஞ்ச நேரம் ஆடினாள், அளந்தாள், இறங்கினாள். பஸ் போன பிறகும் மகன் பேசவில்லை.

"இன்னாடா, வாயே தொறக்க மாட்டேன்ற?"

"அதான பேச்சு" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பொங்கலுக்கு நாங்க இங்க வர்றோம்மா. அங்க வேணாம்."

வடிவு படியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, சின்னச் சின்ன அடியாக, அவனுக்கு முன்னால் நடக்கத் தொடங்கினாள்.

"வா" என்றாள் திரும்பிப் பார்க்காமல். "கோலம் போட்டிருப்பேன். செருப்ப வெளியவே கழட்டிட்டு வா."